ஆள் வருகிற இடம்

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அந்த மத்தியான வண்டிக்குள் கால் வைக்க இடமில்லை. ஆனால் உட்கார ஒரு இடம் இருந்தது.

அதுதான் அப்பாதுரைக்கு விளங்கவில்லை. கோழிக்கூடையை இடுப்பில் இடுக்கிய பெண்களும், மல்லாட்டைக் கடலை மூட்டைமேல் குந்தியிருந்த ஆண்களும், பிள்ளையைத் தோளில் தூங்கப் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்திருந்த ஒரு தாயும், ஒருவர் வியர்வை ஒருவர்மேல் வழிய நெருக்கியடித்து நின்றார்கள். நடுவில், இருவர் உட்காரும் சீட்டில், ஜன்னலோரத்து இடம் மட்டும் சும்மா கிடந்தது. அதன்மேல் நாலாய் மடித்த ஒரு வெள்ளைத் துண்டு. பிள்ளைக்காரி அந்தச் சீட்டை ஒட்டித்தான் நின்றாள். ஆனால் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பாதுரை ரங்கூனில் பிறந்தவன். அறுபத்து நாலாம் வருஷம் அங்கே கடை கண்ணியெல்லாம் கைவிட்டுப் போனபோது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி வந்தவன். அம்மா லட்சுமியம்மாள் இப்போது மெட்ராஸ் முகாமில் காய்ச்சலோடு படுத்திருந்தாள். சொந்தக்காரர்கள் யாராவது வந்தால் அழைத்துப் போகலாம். யாரும் வராதவர்களை எங்கே அனுப்புவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்கு இருந்தது ஒரே தம்பி. செங்கேணிக்குப்பம் சக்கரபாணி. மகன் வருவான் என்று முகாமிலிருந்து அவருக்கு ஒரு கடுதாசி போட்டிருந்தாள். அம்மா கல்யாணமாகிக் கடல் கடந்தபோது அவர் சின்னப் பையன். மாமா அப்பாதுரையைப் பார்த்ததில்லை. அப்பாதுரையும் மாமாவைப் பார்த்ததில்லை.

இரண்டு நாளாக அவன் தோள்மூட்டையோடு பஸ்ஸில் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தான். அம்மா நினைவில் இருந்ததெல்லாம் விழுப்புரம் ஜங்ஷனும், அங்கிருந்து போன ஒரு மாட்டுவண்டிப் பாதையும்தான். கண்டமங்கலத்தில் இறங்கிக் கேட்டான். மண்டகப்பட்டில் இறங்கிக் கேட்டான். சிவந்த மண்ணும், பனைகளும், பாறைகளும் அம்மா சொன்ன கதைகளில் இருந்த மாதிரியே இருந்தன. ஊர் மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு ஆட்டுக்காரர் சொன்னார்: "அந்தக் குப்பம் திண்டிவனம் ரோட்டுல இல்ல இருக்குது! நீ இன்னா தம்பி, வானத்துலேந்து குதிச்சவனாட்டம் திரியற?"

இந்த ஊரில் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டைப் போட்டுவிட்டால், அந்த இடம் போட்டவனுக்கு. பங்காளிச் சண்டையில் அரிவாள் தூக்கியவன்கூட அடுத்தவன் போட்ட துண்டை எடுக்கமாட்டான். இதெல்லாம் அப்பாதுரைக்குத் தெரியாது. யாரோ மறந்து விட்டுப்போனது என்றுதான் நினைத்தான். நெரிசலைப் பிளந்துகொண்டு போய், துண்டைக் கையில் எடுத்தான்.

ஈரமாக இருந்தது.

சித்திரை வெயிலில் பஸ்ஸின் தகரம் தொட்டால் கொப்பளிக்கும். அந்தத் துண்டோ அப்போதுதான் பிழிந்து வைத்ததுபோல் சில்லென்றிருந்தது. பாசி பிடித்த கிணற்றை எட்டிப் பார்த்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாசனை. அவன் அதை உதறி ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

வண்டிக்குள் பேச்சு நின்றது. கோழிகள் மட்டும் முனகின.

"தம்பி, அது ஆளு வர்ற எடம்" என்றார் மூட்டைமேல் இருந்தவர்.

"ஆளு எங்கங்க?"

"வருவாரு."

"வந்தா எழுந்துக்கறேங்க. அதுவரைக்கும் அவருக்குப் பதிலா நான் ஒக்காந்துக்கறேன். அவரு கோவிச்சுக்கினா என் எடத்த அவருக்குக் குடுத்துடறேன், போதுமா?"

அவன் தமாஷாகத்தான் சொன்னான். பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

வண்டி கிளம்பி, ஊரைத் தாண்டிய பிறகு கண்டக்டர் இருதயராஜ் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தார். கம்பியில் தொங்கிய துண்டைப் பார்த்தவர், விரல் நுனியால்கூட அதைத் தொடாமல் நின்றார்.

"யாரு எடுத்தது இத?"

"நான்தாங்க."

"ஊருக்குப் புதுசா?"

"பர்மாவுலேந்து வர்றேங்க."

"அப்பிடிச் சொல்லுங்க. மடிச்சு இருந்த மாதிரியே வெச்சுட்டு எழுந்து நில்லுங்க. சொல்றத கேளுங்க தம்பி."

எழுந்திரு. இந்த வார்த்தையை அப்பாதுரை சில மாதங்களாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தான். அப்பாவின் கடையில் கேட்டான். கப்பல் தளத்தில் கேட்டான். முகாமில் நிழலில் உட்கார்ந்தபோதெல்லாம் கேட்டான். ஒரு பிடிவாதம் கிளம்பியது.

"டிக்கெட்டுக்குக் காசு குடுக்கறேன்ல? எழுந்துக்க மாட்டேங்க."

இருதயராஜ் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். "உங்க இஷ்டம்" என்றார். அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மல்லாட்டை வியாபாரியும் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்தப் பிள்ளைக்காரி அப்போதும் உட்காரவில்லை.

அனல்காற்று ஜன்னலில் மோதிக்கொண்டே வந்தது. சுருட்டிக் கட்டியிருந்த தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. டீசல் புகையும் கருவாட்டு வாடையும் வாடிய கனகாம்பரமும் சேர்ந்து குமட்டின. ரோட்டோரப் புளியமரங்களின் நிழல் முகத்தில் விழுவதும் விலகுவதுமாக இருந்தது. அந்தக் காற்றிலும் வெயிலிலும் துண்டு காயவில்லை. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, அவன் முழங்காலில் விழுந்தது. துடைத்தான். இன்னொன்று திரண்டது.

விக்கிரவாண்டியில் அவன் இறங்கிவிட்டான். இறங்க வேண்டிய ஊர் அதுவல்ல. ஆனாலும் இறங்கினான். துண்டு கம்பியிலேயே தொங்க, வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஒரு டீக்கடையின் கீற்றுப் பந்தலுக்கடியில் உட்கார்ந்து, தன்னைத்தானே திட்டிக்கொண்டான். துண்டுக்கா பயந்தாய்? குண்டு விழுந்த ஊரில் பிறந்தவன் துண்டுக்கா பயந்தாய்?

வெயில் சாய்ந்த பிறகுதான் அடுத்த வண்டி வந்தது. அதுவும் நிறைந்த வண்டி. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி, முண்டியடித்து ஏறினான். படியிலேயே நின்றுகொள்ளலாம் என்று கம்பியைப் பிடித்தபோது, இந்த வண்டியின் கண்டக்டர், இளவயசு, வாயில் வெற்றிலை, அவன் முதுகில் தட்டினார்.

"இன்னா சார், இங்க தொங்கிக்கினு? உள்ள போங்க ஜல்தி. உங்க கூட வந்தவரு துண்டு போட்டு எடம் புடிச்சு வெச்சிருக்காரு, நீங்க படியில நின்னுக்கினு பேஜாரு பண்றீங்க."

"என் கூட யாரும் வரலீங்க."

"அட போங்க சார். கட்டம் போட்ட சட்டையில பர்மாக்காரத் தம்பி வருவாப்ல, அவருக்குன்னு சொன்னாரே! வயசான ஆளு. தலையெல்லாம் நனைஞ்சு கெடக்குது. எங்கேந்து குளிச்சுட்டு வந்தாரோ இந்த வெயில்ல."

பின்னால் ஏறியவர்களின் நெரிசல் அவனை உள்ளே தள்ளியது. தள்ளிக்கொண்டே போய் அந்தச் சீட்டுக்கு முன்னால் நிறுத்தியது. ஜன்னலோரத்து இடம் காலியாக இருந்தது. நடைவழியோரத்து இடத்தில் அந்த வெள்ளைத் துண்டு, நாலாய் மடித்தபடி.

கால் பின்வாங்கியது. பின்னால் நகர இடமில்லை. "ஒக்காருய்யா, வழிய மறைச்சுக்கினு" என்று யாரோ தோளில் கை வைத்து அழுத்தினார்கள். அவன் துண்டைத் தொடவில்லை. தாண்டிப் போய் ஜன்னலோரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தான். திரும்பிப் பார்த்தபோது துண்டு அங்கே இல்லை. வெற்று சீட்டு. பச்சை ரெக்சின், நடுவில் மட்டும் மெல்ல அமுங்கியிருந்தது.

முன் சீட்டிலிருந்த நடுத்தர வயசுப் பெண் ஒருத்தி திரும்பினாள். மடியில் கோரைப்பாய்ச் சுருள்கள்.

"பர்மாக்காரத் தம்பின்னு கண்டக்டரு சொன்னாரே, நீதானா? செங்கேணிக்குப்பத்துக்கா போற? சக்கரபாணி மருமவனா?"

இந்த நாட்டில் முதல்முறையாக ஒருவர் அவனை அவனாகத் தெரிந்துகொண்டு பேசுகிறார்.

"ஆமாங்கக்கா. உங்களுக்கு மாமாவத் தெரியுமா?"

"தெரியுமாவா! நான் வெள்ளையம்மா. உங்க மாமன் ஊட்டுக்கு எதுத்த ஊடுதான். கடுதாசி வந்ததுலேந்து அந்தாளு ரோட்டுலயே தவம் கெடக்கறாரு. வர்ற பஸ்ஸையெல்லாம் நிறுத்தி, எம் மருமவன் இருக்கானா, எம் மருமவன் இருக்கானான்னு கேட்டு டிரைவருங்க எல்லாம் சிரிக்கறானுங்க. நீ வந்ததும் மொத பஸ்ஸுல மெட்ராஸ் போயி உங்கம்மாவ அழைச்சாரப் போறாராம்."

அவன் அழுதுவிட்டான். பிறகு சிரித்தான். அந்த அம்மாள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தான். தன் பெயர், அப்பா கப்பலேறுவதற்கு முன்னமே காலமான கதை, அம்மாவின் காய்ச்சல், அவள் முகாமில் படுத்திருக்கும் மூலை, இவனைத் தவிர வேறு யார் கஞ்சி கொடுத்தாலும் குடிக்காத அவள் பிடிவாதம், அவனைத் 'தொரை' என்று கூப்பிடுவது. எல்லாவற்றையும். அவன் பேசும்போது பக்கத்துச் சீட்டில் ஏதோ மெல்லக் கிரீச்சிட்டது. யாரோ காது கொடுத்துக் கேட்பதற்காகக் கொஞ்சம் அவன் பக்கம் சாய்ந்ததுபோல.

கிணற்று வாசனை.

"எங்க அத்த எப்பிடிக்கா?" என்று கேட்டான், அந்தப் பக்கம் பார்க்காமல்.

"கிருஷ்ணவேணியா? தங்கமான பொம்பள. மருமவன் வர்றான்னு ஆலத்தித் தட்டத் தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்ட போட்டுடுவா போல. அவ பொண்ணு செண்பகம் இருக்குதே, அது ஊட்டுக்கும் ரோட்டுக்கும் நடையா நடக்குது. வெக்கமாம், ஆனா ஊட்டுல இருக்க முடியலியாம்!" வெள்ளையம்மாள் சிரித்தபடி பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். "அது சரி, இவரு யாரு? உங்க சித்தப்பாவா? வாயே தொறக்க மாட்றாரு?"

அப்பாதுரை மெல்லத் திரும்பினான். சீட்டில் யாரும் இல்லை.

"யாருக்கா?"

"இன்னா கிண்டலா? இவருதான். ஒன் மூக்கு அப்பிடியே இருக்குதே."

வண்டிக்குள் இத்தனை பேர் நின்றும் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தான். நிற்பவர்கள் அந்தச் சீட்டைத் தாண்டும்போது ஒருவர் முழங்காலில் இடிக்காமல் ஒதுங்குவதுபோல் ஒதுங்கிப் போனார்கள். ஒரு கிழவர் "மன்னிச்சுக்கங்க" என்றுகூட முனகினார்.

பேரணி தாண்டியது. மேற்கே பனங்காட்டுக்குப் பின்னால் வானம் செம்மண்ணின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. கூட்டேரிப்பட்டில் பாதி வண்டி இறங்கியது. சீட்டுகள் காலியாயின. வேறு இடத்துக்குப் போய்விடலாம். போக வேண்டுமென்றால் அந்த இடத்தைத் தாண்ட வேண்டும். அவன் முழங்காலைத் தூக்கினான். எதிலோ பட்டது. துணி. உள்ளே எலும்பு. ஈரம்.

முழங்காலை இழுத்துக்கொண்டான்.

இப்போது மூச்சு கேட்டது. அவன் இழுத்தால் அதுவும் இழுத்தது. விட்டால் விட்டது. அவன் அடக்கிப் பார்த்தான். அதுவும் அடக்கிக்கொண்டது.

வெள்ளையம்மாள் பாய்ச்சுருள்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டே மறுபடி திரும்பினாள். அந்தி வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி இருவரையும் பார்த்தாள். சிரித்தாள்.

"அட, ரெட்டப் புள்ளைங்களா நீங்க? உங்க மாமன் சொல்லவே இல்லையே! நானும் இம்மாம் நேரம் யாரோ வயசான ஆளுன்னு இல்ல நெனச்சேன்."

இதை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. அது ஒன்றுதான் மனதில் ஓடியது. மாமா, அத்தை, வெட்கப்பட்டுக்கொண்டு ரோட்டில் நிற்கும் அந்தப் பெண். அவர்கள் வாசலில் இதைக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. இறங்க வேண்டாம். திண்டிவனம் வரை போய்விடலாம். டவுனில் விளக்கு இருக்கும், ஜனம் இருக்கும், கோயில் இருக்கும். இது எங்காவது போய்த் தொலையட்டும். காலையில் வரலாம். ஒரு ராத்திரிதானே. அம்மா ஒரு ராத்திரி பொறுப்பாள்.

அவன் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"செங்கேணிக்குப்பம் எறங்கு!"

விசில். பிரேக்கின் கிறீச்சு. புழுதி முன்னே ஓடி, நின்றது.

ரோட்டோரம் ஒரு புளியமரம். அதனடியில் ஒரு அரிக்கேன் விளக்கு. விளக்கைப் பிடித்திருந்தவள் பாவாடை தாவணியில் ஒரு பெண். பக்கத்தில் தலைப்பாகைக்காரர் ஒருவர் எக்கி எக்கி ஜன்னல்களைப் பார்த்தார். அம்மாவின் நெற்றி. அம்மாவின் அதே அகன்ற நெற்றி. அவருக்குப் பின்னால் தாம்பாளத்தோடு ஒரு அம்மாள்.

அப்பாதுரை தலையைக் குனிந்துகொண்டான். பார்க்கவேண்டாம். பார்த்தால் இறங்கிவிடுவேன்.

வெள்ளையம்மாள் பாய்களோடு எழுந்தாள். வழியோரத்து இடத்துக்கு முன் நின்றாள்.

"வாப்பா, எறங்கலாம். உங்க மாமன் நிக்கறாரு பாரு."

அவள் அவனிடம் சொல்லவில்லை.

பக்கத்துச் சீட்டு கிரீச்சிட்டது. அமுங்கியிருந்த ரெக்சின் மெதுவாக மேலே எழும்பியது. அவன் தோளை அழுத்திக்கொண்டிருந்த குளிர் விலகியது. நடைவழியில் ஈரக் காலடிகள். ஒன்று. அடுத்தது. படிக்கட்டு ஒரு ஆளின் பாரத்துக்குத் தாழ்ந்து நிமிர்ந்தது.

போய்விட்டது என்று ஒரு கணம் உடம்பெல்லாம் தளர்ந்தது. அடுத்த கணம் புரிந்தது.

ஜன்னலுக்குப் பாய்ந்தான்.

விளக்கு வெளிச்சத்துக்குள் ஒருவன் நடந்துபோனான். தோளில் மூட்டை. அதே கட்டம் போட்ட சட்டை. இடது காலைக் கொஞ்சம் அகட்டி வைக்கும் அதே நடை. அப்பாதுரை தன் முதுகை அதுவரை பார்த்ததில்லை.

"மாமா" என்றான் அவன், அப்பாதுரையின் குரலில். "நான்தான் லட்சுமியம்மா மவன். தொரை."

சக்கரபாணி ஓடிவந்து கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். "எப்பா, எங்கப்பா! இன்னாடா இப்பிடி நனைஞ்சிருக்க? அக்கா எப்பிடிடா இருக்குது?"

"காய்ச்சலா கெடக்குது மாமா. நான் குடுத்தாதான் கஞ்சி குடிக்கும்."

"விடிஞ்சதும் போறோம்டா. நீயும் நானும். நீயே உங்கையால குடு."

"மாமா!" என்று கத்தினான் அப்பாதுரை. தொண்டை கிழியக் கத்தினான். முன் சீட்டில் ஒருவர் கொட்டாவி விட்டார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. வழியில் விழுந்தடித்து ஓடினான். படியில் கண்டக்டர் குறுக்கே கையை நீட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கையை இழுத்தான், அடித்தான். பச்சை மரத்தைப் பிடித்து உலுக்குவதுபோல் இருந்தது. கண்டக்டர் அவன் தலைக்கு மேலாக டிரைவரைப் பார்த்தார்.

"எறங்க வேண்டிய ஆளு எறங்கிட்டாருண்ணே. போலாம்."

விசில் ஊதினார்.

வெளியே கிருஷ்ணவேணி தாம்பாளத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். செண்பகம், அவன் முகம் நன்றாகத் தெரியட்டும் என்று விளக்கை உயர்த்திப் பிடித்தாள். வெட்கத்தில் தலை குனிந்திருந்தாள். கிருஷ்ணவேணி ஆலத்தித் தண்ணீரில் விரலைத் தோய்த்து, மருமகனின் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

விரல் உள்ளே போனது. சேற்றில் போவதுபோல், நகம், முதல் கணு, இரண்டாம் கணு. அத்தை எதையும் உணராதவளாய், கண்கள் கலங்க அவன் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டு, விரலை உருவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நெற்றியில் இருந்த குழி மெல்ல மூடிக்கொண்டது.

"வா ராசா" என்றாள். "உள்ள வா."